டேட்டாபேஸோடு பேச மறுத்த எக்செல்

நண்பர்களுக்கு ஒரு துயரமான அறிவிப்பு. என் மாமா நடத்தும் லாட்ஜின் எக்செல், இன்று காலை பத்து மணி முதல் டேட்டாபேஸோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.

நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலத்துக்கு ஊரே நிரம்பிவிடும். ஆன்லைன் புக்கிங் எல்லாம் மாடி கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாபேஸில்தான் சேரும். கீழே ரிசப்ஷனில் செல்வி அக்கா, எக்செல் வழியாக அதைப் பார்த்துத்தான் ரூம் கொடுப்பார். இன்று எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்றே வந்தது. கவுண்டரில் மூன்று குடும்பங்கள் பையோடு நின்றன.

“ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுத்துட்டா, உங்க மாமா என்னை வேலைய விட்டே அனுப்பிடுவாருடா” என்றார் அக்கா.

சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டேன்.

“தம்பி, நீ எதையும் தொடாத. நாளன்னிக்கு ஆள் அனுப்புறேன்.”

“நாளன்னிக்கு ஊரே காலியாயிடும் சார். நான் தொடத்தான் போறேன்.”

“உனக்கு என்ன வயசு?”

“உங்க சாஃப்ட்வேரை விடக் கம்மிதான் சார்.”

தொட்டேன். எக்செல் இன்னும் மாடி கம்ப்யூட்டரைப் பழைய பெயரில் தேடிக்கொண்டிருந்தது. இணைப்பில் புதுப் பெயரைப் போட்டதும் அத்தனை ரூமும் வந்து நின்றன. மூன்று குடும்பங்களுக்கும் சாவி கிடைத்தது.

“பெரிய ஆளுதான்டா நீ. ஆமா, அந்தக் கம்ப்யூட்டர் பேரை எவன் மாத்துனான்?” என்றார் அக்கா.

நான் போனைப் பார்க்க ஆரம்பித்தேன்.

புதுப் பெயர் ‘மாடிப்பேய்’. அக்காவைப் பயமுறுத்த நேற்று ராத்திரி நான்தான் வைத்தேன்; காலையில் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் அது மாறிவிட்டது.

யாராவது அக்காவை இங்கே டேக் செய்வதற்குள், இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லுங்கள்.