முள் காட்டிய பெற்றோல்

பெற்றோல் கிடைக்காத நாட்கள். கலகெதர பெற்றோல் செட்டுக்கு முன்னால் வரிசையில் என் பழைய காரோடு நின்றேன். அதன் பெற்றோல் மீட்டர் பழுது. டேங்க் காய்ந்து கிடந்தாலும் முள் ஃபுல் என்றே காட்டும். பின்னால் நின்ற த்ரீவீல்காரன் வந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தான்.

"ஃபுல் டேங்க வச்சிக்கிட்டு எங்க பெற்றோலையும் புடுங்க வந்தியாடா?"

சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"மீட்டர் பழுதுடா, மடையா!" என்று கத்தினேன். வாயில் குத்து விழுந்தது. நானும் விடவில்லை, அவன் மூக்கில் ஒன்று போட்டேன். நாலு பேர் சேர்ந்து என்னை மிதித்தார்கள்.

எழும்பி, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, டேங்கிலிருந்து வரும் வயரைப் பிடுங்கினேன். முள் சட்டென்று விழுந்தது. வயர் எங்கோ தோல் உரிந்து காரின் தகட்டில் முட்டுவதால்தான் முள் ஃபுல் காட்டுகிறது என்றேன்.

"வயரப் புடுங்குனா எந்த முள்ளும்தான் விழும்," என்றான் த்ரீவீல்காரன்.

அதில் நியாயம் இருந்தது; அதுதான் இன்னும் எரிச்சல். வேலியில் ஒரு கம்பை முறித்து டேங்குக்குள் விட்டு, எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். நுனிகூட நனையவில்லை.

அவன் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. வரிசை நகர்ந்தபோது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அவன்தான் வந்து தள்ளினான். டிக்கியில் ஊன்றிய அவன் கைமுட்டியில் என் ரத்தம் இன்னும் காயவில்லை.