மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சும்மா இருக்க வராது. வேண்டாதவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். வேண்டியவர்கள் அதே குறையை உதாரணங்களோடு சொல்வார்கள். விருந்துக்குப் போன வீட்டில் கதவு முனகினால், சாப்பாடு மேஜைக்கு வருவதற்குள் கீலைக் கழற்றித் தரையில் பரப்பியிருப்பார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும்போது, பட்டை கட்டிய கையாலேயே கருவியின் குழாயை நேராக்கி விடுவார். "அசையாம இருங்க" என்று டாக்டர் நாலாவது தடவை சொல்வதற்குள் இரண்டு பேருக்குமே அழுத்தம் ஏறியிருக்கும்.

இருபத்தாறு வருடமாக ஊரார் மாடி ஏற வழி செய்கிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றடுக்கு வீட்டில். தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போன்ற வீடு. கீழே கூடம், நடுவில் சமையலறையும் மகளின் கட்டிலும், உச்சியில் மனைவியின் வேலை அறை. மூன்றையும் கோக்கும் ஒரு மரப்படி.

மனைவியை எல்லோரும் டீச்சர் என்பார்கள். ஆனால் அவர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. மூளையில் ரத்தம் அடைத்துப் பேச்சு போனவர்களுக்குத் திரும்பப் பேசப் பயிற்சி கொடுப்பவர். ஒரு மருத்துவ நிலையம் அவரை மூன்று மாதத் தவணையில் எடுத்திருந்தது. வேலை எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். நோயாளி அவர் வீட்டில், டீச்சர் இவர் வீட்டில். இருந்த நாலு நோயாளிகளில் டீச்சர் அதிகம் கவலைப்பட்டது ஒரு ஓய்வு பெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளரைப் பற்றி. முப்பது வருடம் ஒலிபெருக்கியில் ஊரையே விரட்டிய குரல். இப்போதும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று முழு வாக்கியமும் பிசிறில்லாமல் வரும். ஆனால் பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்க ஒரு சொல் வராது. பழகிய வாக்கியம் தானாக ஓடிவிடும். சொந்தமாக ஒன்றைச் சொல்லத்தான் வழி அடைத்துக்கொள்ளும்.

இந்த நேரத்தில்தான் நெட் படுத்தது.

மற்றவர் பேசும்போது படம் உறைந்தால் எரிச்சல்தான் வரும். டீச்சரின் தொழிலில் அது வேறு விஷயம். நோயாளி ஒரு சொல்லின் வாசலில் நிற்கும்போது டீச்சர் வாயைத் திறக்காமல் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அந்த மௌனம்தான் மருந்து. ஒரு நாள் அறிவிப்பாளர் "த" என்று ஆரம்பித்து நின்றார். டீச்சர் பத்து எண்ணினார், இருபது எண்ணினார். நின்றது நெட் என்று தெரிந்தபோது அந்தப் பக்கம் மனிதர் "தண்ணி" என்று சொல்லி முடித்து, திரையில் கல்லாகச் சமைந்திருந்த டீச்சரின் முகத்தைப் பார்த்து, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு நாள் அவர் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி புகார் எழுதினார். அதற்கு முன்பே ஒன்று வந்திருந்தது. அடுத்த வார வெள்ளிக்கிழமை பதினோரு மணி வகுப்பில் தானும் சேர்ந்து பார்ப்பதாக நிலையத்தின் மேற்பார்வையாளர் அம்மா சொல்லிவிட்டார். அன்றைக்கும் நின்றால் அறிவிப்பாளர் வேறொரு டீச்சருக்குப் போய்விடுவார். தவணையும் அதோடு முடியும்.

"கேட்டீங்கல்ல? வெள்ளிக்கிழமை" என்றார் டீச்சர்.

"அதுக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

"அதான் பயமா இருக்கு."

வீட்டில் மூன்று வைஃபை பெட்டிகள் இருந்தன. கீழே லைன் வரும் இடத்தில் ஒன்று, நடுமாடியில் ஒன்று, மேல் அறையில் ஒன்று. வாங்கிக் கொடுத்தவன் டீச்சரின் தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான். மாட்டிய அன்று விளக்கமும் கொடுத்தான்.

"இதுக்குப் பேரு மெஷ், மாமா. கீழ இருக்கறது நடுவுல இருக்கறதுகிட்ட சொல்லும். அது மேல இருக்கறதுகிட்ட சொல்லும்."

"நம்ம குடும்பம் மாதிரி."

"இல்ல மாமா. இது கேட்டத அப்படியே சொல்லும்."

மெக்கானிக் முதல் நாளே காரணத்தைக் கண்டுபிடித்தார். மேல் அறைப் பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. இரும்பு அலையை மறிக்கும் என்று அவருக்குத் தெரியும்; லிஃப்டுக்குள் போன அத்தனை போனும் வாயடைத்துப் போவதைப் பார்த்தவர். பெட்டியை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார். போனில் வேகத்தை அளந்தார். நாலு மடங்கு. வேறொரு மனிதராக இருந்தால் கையைத் தட்டிவிட்டுக் காபி கேட்டிருப்பார். இந்தக் கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

"ஒரு தடவ ஓடிட்டா ரிப்பேர் ஆயிடுச்சுன்னு அர்த்தமா?" என்றார் மெக்கானிக். "லிஃப்ட சரி பண்ணா நூறு தடவ மேலயும் கீழயும் ஓட்டிப் பாப்போம். அப்பறந்தான் கையெழுத்து."

வீட்டில் சும்மா கிடந்த மூன்று பழைய போன்களைத் தூசி தட்டினார். மாடிக்கு ஒன்றாக, பெட்டிக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு போனும் தானாக நெட் வேகத்தை அளந்து எண்ணை ஒரு பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகள் அதற்கு ஏற்பாடு செய்து கொடுத்தாள். வேகம் குறைந்தால் எண் சிவப்பாகும். அந்தப் பட்டியல் மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் தெரியும்.

அன்று மாலையிலிருந்தே எண்கள் சிவக்கத் தொடங்கின.

சிவப்பைப் பார்த்த மெக்கானிக்குக்குக் கால் தரிக்கவில்லை. நடுப்பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். பிறகு செருப்பு அலமாரியில். பிறகு படியின் திருப்பத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தார். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் மூன்று பெட்டிகளும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று தேடித் தவித்து மறுபடி கைகோத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்தில் மேலே யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் பாடு.

"அப்பா, அந்தப் பெட்டிக்கு வாடகை வீடு பாக்கறீங்களா?" என்றாள் மகள்.

"உனக்கு விளையாட்டா இருக்கு. உங்கம்மா பொழப்பு அதுல தொங்குது."

"தொங்கவிட்டது யாரு?"

மச்சினனைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் அணைச்சுப் போடுங்க மாமா" என்றான். ஒரே நாளில் பதினெட்டு தடவை அணைத்துப் போட்டார். லைன் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து வாசலில் தன் கருவியைச் செருகிப் பார்த்தார். "உங்க வாசல் வரைக்கும் குறையில்லாம வருது சார். உள்ள வந்து அதுக்கு என்ன ஆகுதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று, பெண்ணை விட்டுவிட்டுப் போகும் சம்பந்தி போலப் பேசிவிட்டுப் போனார்.

டீச்சர் மேலே கதவை மூடிக்கொண்டு, உறைவதும் உருகுவதுமான முகங்களோடு மல்லுக்கட்டினார். வகுப்பு முடிந்து இறங்கி வரும்போது மெக்கானிக் படியில் நிற்பார்.

"எத்தன தடவ நின்னுச்சு?"

"எண்ணல."

"எண்ணினாத்தானே தெரியும்?"

"எண்ணினா பேச முடியாதுங்க. நான் ஏற்கெனவே பத்து பத்தா எண்ணிட்டு இருக்கேன்."

செவ்வாய் இரவு, மூன்று மாடிப் போன்களுக்கும் வயர் இழுத்திருந்த எக்ஸ்டென்ஷன் பலகையை மகள் தன் வேலைக்காக உருவிக்கொண்டு போனதில், புதன்கிழமை மூன்றும் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தன. பட்டியலில் அன்றைய பக்கம் வெறுமை. மாலையில் காரணம் தெரிந்து மெக்கானிக் குதித்தார்.

"ஒரு நாள் ரீடிங் முழுக்கப் போச்சு. ரெண்டு நாள்தான் இருக்கு, இப்பப் போய்..."

"இன்னிக்கு நெட் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் டீச்சர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரு தடவகூட நிக்கல. அவர் ரெண்டு சொல்லு பேசினார்."

"அது உனக்குத் தோணுது. ரீடிங் இல்லாம எப்படிச் சொல்ற?"

டீச்சர் மனதுக்குள் பத்து எண்ணியிருக்கலாம்.

வியாழக்கிழமை மெக்கானிக்குக்குப் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை. லிஃப்ட் தாமதமாக வருகிறது என்று புகார். ஒன்பது மணியிலிருந்து உள்ளேயே நின்றுகொண்டு மேலும் கீழுமாக ஓட்டி, மாடிக்கு எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டிருந்தார். மாடியில் கதவு திறக்கும்போதெல்லாம் சட்டைப்பைப் போனை எடுத்து வீட்டுச் சிவப்பைப் பார்த்துக்கொண்டார். ஏழாவது மாடியில் கதவு திறந்தது. அங்கே ஒரு வீட்டில் இரவுப் பணி முடித்த நர்ஸ் ஒருவர் இரண்டு கையிலும் பையோடு நின்றிருந்தார். கதவு மூடப் போனது. நர்ஸ் காலை நீட்டித் தடுத்தார்.

"எட்டு நிமிஷமா நிக்கறேன். ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் நீங்கதான் உள்ள இருக்கீங்க."

"லிஃப்ட் ஏன் லேட்டாவுதுன்னு பாத்துட்டிருக்கேம்மா."

"அத நான் சொல்லட்டுமா? நீங்க ஏறிட்டு இறங்க மாட்டேங்கறீங்க. அதான்."

"டெஸ்ட்டும்மா."

"டெஸ்ட்டுன்னா வெளிய போர்டு மாட்டுவாங்கல்ல. நாங்க படில போயிருப்போமே."

மெக்கானிக் வெளியே எட்டிப் பார்த்தார். போர்டு மாட்டவில்லை. இருபத்தாறு வருடத்தில் மறக்காத போர்டு, மூன்று நாளாகக் கருவிப் பையிலேயே கிடக்கிறது. மன்னிப்புக் கேட்டு அந்த அம்மாவைத் தரைத்தளத்தில் இறக்கிவிட்டார். போர்டை எடுத்து மாட்டினார். மாட்டிய கை அப்படியே நின்றது.

ஒரு வழி எவ்வளவு அகலம் என்று எப்படி அளப்பது? வழி முழுக்க ஆளை நிரப்பி ஓடவிட்டுத்தான். நெட் வேகத்தை அளக்கும் போனும் அதைத்தான் செய்கிறது. கொள்ளும் மட்டும் இழுத்துப் பார்க்கிறது. ஒன்றல்ல, மூன்று போன். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. கீழே ஒன்று அளந்து முடிப்பதற்குள் நடுவில் ஒன்று, அது முடிவதற்குள் மேலே ஒன்று. அந்த நெரிசலில் அறிவிப்பாளரின் ஒற்றைச் சொல் இடித்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. நெட் நன்றாக இருந்தது புதன்கிழமை ஒன்றுதான்; அதற்குத்தான் ரீடிங் இல்லை.

வேலியே பயிரை மேய்ந்த கதை அவருக்குத் தெரியும். வேலி தினமும் பயிரின் உயரத்தை அளந்து குறித்தும் வைத்த கதை புதிது.

மகளைக் கூப்பிட்டார். "மூணு போனையும் அணைச்சுடு. ஏன்னு கேக்காத."

"புதன்கிழமை மாதிரியா?" என்று கேட்டாள் மகள். மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.

மாலையில் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நாலு விதமாக யோசித்துக்கொண்டே படியேறினார். பெட்டியில் கோளாறு என்று சொல்லலாம். மச்சினன் தலையில் போடலாம். அந்தத் தலை பல பாரம் சுமந்தது. கடைசியில், துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சருக்கு முன்னால் நின்று, "பீரோவ நகத்தின அன்னிக்கே சரியாயிடுச்சு. அதுக்கப்பறம் நான்தான்" என்றார்.

டீச்சர் துணியைக் கீழே வைத்தார். "அந்த ரெண்டு நாள் அவர் வாயத் திறக்காம இருந்தாரே, அது?"

"அது பீரோ. அது நான் இல்ல." சொன்ன வேகத்திலேயே அவருக்கு வெட்கமாகிவிட்டது. "மத்ததெல்லாம் நான்."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு எதையும் தொடக் கூடாது. அளக்கக் கூடாது. சரியா இருக்கான்னு பாக்கக்கூடக் கூடாது."

"பாக்காம எப்படித் தெரியும்?"

"தெரியாமத்தான் இருக்கணும்."

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போய்விடுவதே நல்லது என்று மகள் சொன்னாள். மெக்கானிக் லீவு போட்டார். பத்தே முக்காலுக்கு மகள் கையை நீட்ட, சட்டைப்பைப் போனை எடுத்துக் கொடுத்தார். மேல் அறைக் கதவு மூடியது. அவர் வெளியே படியில் உட்கார்ந்தார்.

உள்ளே டீச்சரின் குரல் கேட்டது. அறிவிப்பாளரின் குரல் ஒலிபெருக்கி வழியே கரகரவென்று வந்தது. மேற்பார்வையாளர் அம்மா வணக்கம் சொன்னதோடு சரி. படங்களைக் காட்டிக் கேட்பதும் தட்டுத் தடுமாறிப் பதில் வருவதுமாகக் கால் மணி நேரம் போனது. பிறகு டீச்சர், "இப்ப நான் எதையும் காட்டப் போறதில்ல. உங்களுக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ அதச் சொல்லுங்க" என்றார்.

சத்தம் நின்றது.

மெக்கானிக் எண்ணினார். பத்து. பதினைந்து. இருபத்திரண்டு. இது மருந்து மௌனமா, நெட் போன மௌனமா என்று கதவுக்கு வெளியே இருந்து கண்டுபிடிக்க வழியில்லை. கை சட்டைப்பைக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது. படித் திருப்பத்தில் நடுப்பெட்டியின் விளக்கு பச்சையாக எரிந்தது. பச்சையை நம்பலாமா? தொட வேண்டாம், பக்கத்தில் போய்ப் பார்த்தால் மட்டும் போதும். எழுந்தார். இரண்டு படி இறங்கினார். மனைவி சொன்னது நினைவு வந்து ஒரு படி ஏறினார். மறுபடி இறங்கினார். மரப்படி ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு முனகியது.

"யா..." என்றது ஒலிபெருக்கி.

மெக்கானிக் ஒரு கால் படியிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக நின்றார்.

"யாரு. படில."

டீச்சர் முழுசாகப் பத்து எண்ணிவிட்டுத்தான் சொன்னார். "என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்."

மறுபடி சத்தமில்லை. இந்தத் தடவை மெக்கானிக் எண்ணவில்லை.

"உக்... உக்காரச் சொல்லு."

"டீச்சர்," என்றது மேற்பார்வையாளர் அம்மாவின் குரல், "இந்த வாக்கியம் இன்னிக்குப் பயிற்சில இருக்கா? என்கிட்ட இருக்கற தாள்ல காணோம்."

"இல்ல மேடம். அவரே சொந்தமா சொன்னது."

"சரி. நான் போறேன், நீங்க நடத்துங்க. பேஷண்ட் உங்ககிட்டயே இருக்கட்டும். மத்ததத் திங்கக்கிழமை பேசிக்கலாம்."

"உக்காரச் சொல்லு" என்றார் அறிவிப்பாளர் மறுபடியும். இப்போது குரலில் கொஞ்சம் அதட்டல் இருந்தது. முப்பது வருடம் ஊரை ஓடவைத்த குரல்.

மெக்கானிக் உட்கார்ந்தார்.