குரோக்கே வேறு, கிரிக்கெட் வேறு

என் அப்பாவின் வேலையைப் போக்கியவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வாய் மட்டும் தொண்ணூறு வயதுக்காரியின் வாய்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தோட்டக்காரர். பங்களாவின் பின்னால் இருந்த புற்றரையில் துரையும் பெண்சாதியும் பின்னேரங்களில் குரோக்கே விளையாடுவார்கள். நீண்ட பிடி போட்ட, மரச்சுத்தியல் போன்ற கொட்டாப்புளியால் மரப்பந்தைத் தட்டி, நிலத்தில் குத்தி நிற்கும் கம்பி வளையங்களுக்குள்ளால் உருட்ட வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். பந்து வழி மாறக்கூடாது என்று அப்பா முழங்காலை ஊன்றி இருந்து வளையங்களைச் சுற்றிக் கத்தரிக்கோலால் புல் வெட்டுவார். தன் தலைமயிரை அவர் அத்தனை கவனமாக ஒருநாளும் வெட்டுவித்ததில்லை.

பாலையூற்றில் எங்கள் அயலில் ஒருவருக்கும் இந்த விளையாட்டுத் தெரியாது. வெள்ளைக்காரன் பந்தைத் தட்டினால் அது கிரிக்கெட். அம்மாவின் தம்பியான மாமா வேண்டுமென்றே, “கிரிக்கெட்காரர் வாறார், வழி விடுங்கோ” என்பார். அப்பாவுக்குச் சுள்ளென்று ஏறும்.

“கிரிக்கெட் எண்டா எறியோணும், அடிக்கோணும், ஓடோணும். குரோக்கே எண்டா ஆறுதலா நிண்டு தட்டோணும். தெரியாட்டி வாயை மூடும்!”

இந்தப் பாடத்தை எனக்கும் சொல்லித்தந்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முன்னால் ஒப்புவிக்கச் சொல்வார். நானும் கைகட்டி நின்று ஒப்புவிப்பேன். சும்மா சொல்லக்கூடாது, நான் கெட்டிக்காரிதான்.

பிறகு வெள்ளைக்காரர் துறைமுகத்தை நம்மவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். துரையும் போனார். தோட்டக்காரர் எல்லாரையும் வேலையால் நிற்பாட்டப் போகிறார்கள், கிரிக்கெட் மைதானத்தைப் பார்த்துப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரை மட்டும் வைத்திருப்பார்கள் என்று கதை வந்தது. அம்மாவின் வயிற்றில் அப்போது தம்பி. மூன்றாம் நாள் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, ஆங்கிலக் கடுதாசி ஏதும் தந்தால் வாசிக்கட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு துறைமுக ஆபீசான கந்தோருக்குப் போனார்.

பெரிய கிளாக்கர் தமிழர். கதிரையில் இருக்கச் சொல்லாவிட்டாலும் மரியாதையாகத்தான் கதைத்தார்.

“நீர் பாத்தது கிரிக்கெட் மைதானமோ?”

“ஓம் ஐயா” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவா இப்படிப் பிழை விடுகிறார்! உடனே கைகட்டினேன்.

“இல்லை அப்பா, நீங்க பாத்தது குரோக்கே. கிரிக்கெட் எண்டா எறியோணும், அடிக்கோணும், ஓடோணும்…” ஒரு சொல் விடாமல் முழுவதையும் ஒப்புவித்து முடித்தேன்.

கிளாக்கர் அப்பாவைப் பார்த்தார். “பிள்ளை சொல்லுறது சரியோ?”

பிள்ளை உளறுது ஐயா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பெரிய மனிசர் சொல்லை விட்டுவிட்டு ஒன்பது வயதுச் சிறுமியை யார் நம்பப் போகிறார்கள்? அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

“ஓம் ஐயா, பிள்ளை சொல்லுறதுதான் சரி.”

“அப்ப நாங்கள் வேற ஆளைத்தான் பாக்கோணும்” என்று கிளாக்கர் பேனையை மூடினார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது என்னைப் பெற்றவரை. ஆனால் அன்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் கால் நிலத்தில் படவில்லை. கடற்கரை வழியே திரும்பும்போது அப்பா என் கையை விடவே இல்லை. என் கெட்டித்தனத்தைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அம்மா சோற்றைப் போட்டபடி, “என்னவாம்?” என்று கேட்டார்.

“ஆக்கள் கூடிப்போச்சாம். ஏலாதாம்.”

ஒரே நாளில் இரண்டாவது பிழை! நான் வாயைத் திறந்தேன். அப்பா அவசரமாக ஒரு கவளத்தைக் குழைத்து என் வாய்க்குள் வைத்தார். பாவம், அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, நாளைக்கு நான்தான் அவரை இருத்திப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எண்ணியபடியே மென்று விழுங்கினேன்.