கடைசி ஆள் வரும்வரை மணி

மே மாதம், வெள்ளிக்கிழமை, மதியம் 2.10. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் ஏரியூர் வண்டி ஏறினேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். பூம்புகாரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி என் வீடு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தனிக்கட்டை. எங்கள் ஊருக்கு இளைத்துத் துரும்பாக வந்து சேரும் காவிரியை, அது கொழுத்துத் திரிகிற இடங்களில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருந்தேன். முந்தின நாள் ஒகேனக்கல் ஆயிற்று. இன்று ஏரியூர் போய், அங்கிருந்து நாகமரையில் நீர்த்தேக்கம் பார்ப்பதாகத் திட்டம்.

“மேக்கால கருக்கிட்டு வருதுங்க. காத்து பலமா இருக்கும் போல” என்றார் கண்டக்டர்.

“நான் பார்க்காத புயலா? கடலோரத்துக்காரிங்க” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

2.45. பாதி வழிகூட ஆகவில்லை. பகல் அப்படியே அணைந்துபோயிற்று. சூறைக்காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் பிடித்து உலுக்கியது. ஆலங்கட்டி கூரையில் கொட்டிய சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரர் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்றது வாயசைவில்தான் தெரிந்தது. இருபதடி முன்னால் ஒரு புளியமரம் வேரோடு சாய்ந்து சாலையை மறித்தது. எங்கள் ஊர்ப் புயல் மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டு வரும். இது கதவைத் தட்டக்கூட இல்லை.

டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஓரமாக நிறுத்தினார். “எல்லாரும் எறங்கி அந்தக் கோயிலுக்கு ஓடுங்க!” ஓடினோம்.

3.05. அது அந்தோணியார் கோயில். ஓட்டுக்கூரை, சிமெண்டுத் தரை, வாசலை ஒட்டி மணிக்கூண்டு. சாமியார் மாதம் ஒருமுறை வருவாராம். மற்ற நாளில் பூட்டுவது, திறப்பது, ஜெபம் சொல்வது எல்லாம் உபதேசியார் அருளப்பன்தான். ஐம்பது வயது இருக்கும், தக்காளி விவசாயி. எனக்கு யாரோ துண்டு கொடுத்தார்கள், யாரோ சுடச்சுட வரக்காப்பி கொடுத்தார்கள். யாரென்று கேட்டவர்களிடம் டீச்சர் என்றேன். ஊர்ச்சனமும் பஸ் சனமுமாக ஐம்பது அறுபது பேர் இருந்தோம்.

மழை விட்டதும் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். பத்து அடி, ஒரு இடைவெளி. மறுபடி பத்து. முக்கால் மணி நேரம் இதே பாடு. எனக்குத் தலை வெடித்தது. சாமி நம்பிக்கை இல்லாதவளுக்கு இந்தத் தண்டனை எதற்கு என்று எழுந்து போனேன்.

“ஏங்க, பூசை போதாதா? கொஞ்சம் நிறுத்தக்கூடாதா?”

அருளப்பன் கயிற்றை விடாமலே சொன்னார்: “பூசை இல்லீங்க டீச்சர். இன்னும் ஒருத்தரு வரலீங்க.”

இந்தப் பக்கத்துக் காற்றில் மரம் சாய்ந்து தடமெல்லாம் மறைந்துவிடும். காட்டில் மாட்டிக்கொண்டவருக்குத் திசை தெரிவதற்காக மணி. பத்து அடித்துவிட்டு, அவர் குரல் கொடுத்தால் கேட்பதற்காக அமைதி. வீட்டுக்கு ஒருவர் வந்து “எங்க வூட்ல எல்லாரும் வந்தாச்சு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சொல்லாதது முனியம்மா மட்டும். அவள் புருஷன் மாதையன் காலையில் ஆடு ஓட்டிப் போனவர்.

முனியம்மா மணிக்கூண்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாலிக்கயிற்றை இறுகப் பிடித்தபடி முனியப்பனுக்குக் கெடா நேர்ந்துகொண்டிருந்தாள். “அவங்க உங்க கோயில் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

“காத்து ஆளு பாத்தாங்க அடிச்சுது?” என்றார் அருளப்பன். “எங்க அந்தோணியாரு காணாமப் போனதைத் தேடிக் குடுக்கறவரு. மாதையன் யாருன்னு அவரு கேக்க மாட்டாரு.”

“தேடிப் போகலாமே?”

“எந்தப் பக்கம்னு தெரியாம போனா, போனவங்களுக்கும் சேத்து மணி அடிக்கணுங்க.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று.

4.30. கயிறு கைமாறியது. எங்கள் டிரைவர் அடித்தார். திருநீறு பூசிய ஒரு அம்மாள் அடித்தாள். பிறகு என்னிடம் வந்தது. கயிறு என்னையும் சேர்த்து மேலே இழுத்தது. பத்து அடித்தேன். பிறகு வந்த அமைதியை எப்படிச் சொல்வேன்! கைக்குழந்தைகள் உட்பட ஒருவர்கூட இருமவில்லை. முப்பத்துமூன்று வருஷம் வகுப்பில் கத்தியும் எனக்குக் கிடைக்காத அமைதி. எனக்குத் தெரியாத ஒரு மனிதரின் குரலுக்காக அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாமி இருக்கிறாரோ இல்லையோ, அந்த நேரம் என் கை தானாகக் குவிந்தது.

5.20. ஆடுகள் வந்தன. மாதையன் வரவில்லை. முன்னால் நடக்கும் கிடாயின் கழுத்து வெறுமையாக இருந்தது. எப்போதும் மணி கட்டியிருக்குமாம். “ஐயோ, போச்சே!” என்று முனியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அருளப்பன் குனிந்து அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

பத்து அடி. அமைதி.

தூரத்தில், கிழக்கே, சன்னமாக ஒரு ஆட்டுமணி.

“இன்னொரு ஆடு தவறிப்போய் வருது” என்றார் யாரோ. முனியம்மா சட்டென்று எழுந்தாள். “இல்ல! ஆடு நடந்தா மணி இப்படி அடிக்காது. விட்டு விட்டுத்தான் அடிக்கும். இது கையில புடிச்சு ஆட்டறது. அவருதான், அவரேதான்!”

கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் ஓடினார்கள். முன்னால் எங்கள் டிரைவர். நாங்கள் பெரிய மணியை அடித்தோம். சின்ன மணி பதில் சொன்னது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனவர்கள் 6.10-க்குத் திரும்பினார்கள். கிளை விழுந்து கால் முறிந்திருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதால், ஆடுகளை வீட்டுக்கு விரட்டுமுன் கிடாயின் கழுத்து மணியை அவிழ்த்து வைத்துக்கொண்டாராம்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “ஆடு எல்லாம் வந்துச்சா?”

“வந்துச்சு, வந்துச்சு. ஆடு பெருசாப் போச்சு உனக்கு!” முனியம்மா திட்டிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். அருளப்பன் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

சனி, காலை 7.30. ராத்திரியே மரத்தை அறுத்து வழிவிட்டு, மாதையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. களியும் கீரைக்கடைசலும் சாப்பிட்டு, கோயில் தரையில் படுத்து, நான் நாகமரை பார்க்காமலே ஊர் திரும்பினேன். ஒரு வருத்தமும் இல்லை. அருளப்பன் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். “வூடு சேந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்.”

தர்மபுரி, சேலம், மாயவரம் என்று பஸ் மாறி வீடு சேர இரவு எட்டரை. பூட்டைத் திறந்தேன், படுத்தேன். வீடு சேர்ந்ததை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை, மறந்தே போனேன். மறுநாள் காலையில்தான் நினைவு வந்து கூப்பிட்டேன்.

“அப்பாடா!” என்றார் அருளப்பன். “நேத்து சாயங்காலம் உங்களுக்கும் பத்து அடிச்சமுங்க. காலையிலயும் அடிச்சோம். சேந்துட்டீங்களா?”

“வந்துட்டேங்க” என்றேன். அவருக்குக் கேட்கவேண்டுமே என்று இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.