கடைசி வரப்பு வரைக்கும்

தவளக்குப்பம் சந்திப்பில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது குணாவின் போன் வந்தது. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் அவன். அன்றைக்கு, "வேலு, வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசு" என்றான்.

"இங்க ஓரங்கட்ட எடம் ஏதுடா? இன்னா, சொல்லு."

"லூர்து போய்ட்டான்டா. காலைல மோட்டார் போடப் போனவன் கொட்டாயிலயே சாஞ்சுட்டான். நெஞ்சு வலியாம்."

பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்தார். முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. நகர்ந்தேன். மறுபடி நின்றேன். மறுபடி ஹாரன். அழக்கூட ஒதுங்க இடமில்லாத அந்தச் சாலையில் கடலூர் பக்கம் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டே இருந்தேன்.

லூர்துசாமியை உங்களில் பலருக்கு 'மதகு' என்ற ராக் பேண்டின் பாடகனாக, கிட்டார்காரனாகத் தெரியும். வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரர்களுக்கு நெல்லும் கரும்பும் போடுகிற லூர்துவாகத் தெரியும். குணா டிரம்ஸ். நான் பாகூர்க்காரன், பேஸ் கிட்டார். மூன்றே பேர். மதகடிப்பட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் வாசித்துப் பழகியதால் அந்தப் பெயர். அதற்கு மேல் பெயரில் தத்துவம் ஏதும் இல்லை. இருப்பதாகச் சிலர் எழுதினார்கள்; நாங்கள் மறுக்கவில்லை.

அவன் உடம்பைக் குளிப்பாட்டுவதற்குள்ளாகவே போனில் அஞ்சலிகள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே வரி. முதல் இரண்டு ஆல்பங்கள் தமிழ் ராக்குக்கு வழி காட்டின, ஆனால் கடைசி ஆல்பத்தில் வணிகத்துக்கு வளைந்துவிட்டார். செத்துக் கிடப்பவன் தலைமாட்டில் நின்றுகொண்டும் அந்த 'ஆனால்' போடாமல் இவர்களால் இருக்க முடியவில்லை. அந்த வரியை வருஷக்கணக்கில் கேட்டு அலுத்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டும் அல்லவா.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கோயில் மைதானத்தில் அவன் நினைவாகப் பாடுவது என்று முடிவானது. குணா பாட்டுகளைப் பொறுக்கினான். கடைசி ஆல்பத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. லூர்துவின் மனைவி செல்வமேரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பஸ் பாட்டு பாடணும். அது இல்லன்னா அன்னிக்கு யாரோ ஒருத்தருக்கு நெனப்பு நாளு, எங்க வூட்டுக்காரருக்கு இல்ல. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நடவு முடித்து மதகடிப்பட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு அது. 'பஸ் பாட்டு' என்பது ஊர் வைத்த பெயர். குணாவிடம் சொன்னேன்.

"சென்னைலேர்ந்து பசங்க வரானுங்க, பெங்களூர்லேர்ந்து வரானுங்க. அவனுங்க முன்னாடி போயி அதப் பாடச் சொல்றியா?" என்றான். பிறகு, "நீயே முடிவு பண்ணு வேலு. உன் வாசிப்பையே எடுத்துப் போட்ட ஆல்பம் அது. உனக்கே சரின்னா எனக்கும் சரி" என்றான். பொறுப்பைப் பந்து மாதிரி தட்டிவிடுவதில் அவன் கெட்டிக்காரன். எப்படி முடிவெடுத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நல்லவாட்டில் ஒரு திருவிழா. எங்கள் பெயர் வெளியூர்க் கல்லூரிகளில் எல்லாம் பரவியிருந்த காலம். கடற்கரை மணலில் மேடை போட்டு, முதல் ஆல்பத்தை வரிசையாக வாசித்துத் தள்ளினோம். ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முன்னால் வெறும் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் கடைசிவரை இருந்தார். நாங்கள் முடித்து வியர்வையைத் துடைத்தபோது பொறுமையாகக் கேட்டார். "ஏம்பா, இவ்ளோ நேரமா ஜெனரேட்டர்தான் ஓடிக்கினு இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?"

குணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. லூர்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேனில் திரும்பும்போது பாதி வழியில் அந்தச் சிரிப்பு அடங்கியது.

"அந்தம்மா விடிகாலைலேர்ந்து மீன் வித்துட்டு வந்து குந்தியிருக்கு. அதுக்கு நம்ம பாட்டு கேக்கலன்னா குத்தம் அதும்மேலயா?"

"எல்லாருக்கும் எல்லாம் புரியுமாடா?" என்றான் குணா.

"புரியறத யாரு கேட்டா? கேக்கணும்டா. அதுவும் சோந்து போனவங்களுக்குக் கேக்கணும். தெம்பா இருக்கறவன் எத வேணாலும் கேட்டுக்குவான்."

அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் கடைசி ஆல்பம். பதிவு செய்தது டவுனில், நல்ல ஸ்டூடியோவில். ஆனால் அங்கே கேட்டதை அவன் நம்பவில்லை. மைக் செட்காரர்கள் மரத்தில் கட்டுவார்களே, கூம்பு ஸ்பீக்கர், அதில் பழசாக ஒன்றை வாங்கித் தன் மோட்டார் கொட்டகைக் கம்பத்தில் கட்டினான். ஒவ்வொரு பாட்டும் கலந்து முடிந்ததும் அதில் போடுவோம். போடுவது என் வேலை. அவன் கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே வரப்போடு நடந்து, வாய்க்காலை ஒட்டிய கடைசி வரப்பில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வான். பக்கத்தில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். வார்த்தை தெளிவாக வந்து சேர்ந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் தூக்குவான். அதுதான் அடையாளம். உலகத்தில் வேறு எந்த ராக் பேண்டும் இப்படி ஒரு ஆல்பத்தை முடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

துண்டு எழவே இல்லை. ஸ்டூடியோவுக்குப் போவதும், மாற்றுவதும், மறுபடி வயலுக்கு வருவதுமாக எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. என் பேஸ் வரும் இடங்களில் கூம்பு உறுமியது. தாழ்ந்த ஒலியை அது தாங்காது. ஒருநாள் வரப்பிலிருந்து திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"உன் பேஸு வார்த்தையத் தின்னுதுடா. எடுத்துடப் போறேன்."

"அப்ப நான் எதுக்கு இந்த பேண்டுல?"

"முழுசாச் சொல்ல வுடு. தூக்கிப் போடல. மேல ஏத்தப் போறேன். நீ வாசிச்சத அப்டியே என் கிட்டார்ல மேல் சுரத்துல வாசிச்சுடறேன்."

"ஆறுதலுக்குச் சொல்றியா?"

"ஆறுதல் சொல்லிக்கினு இருக்க எனக்கு எங்கடா நேரம்? கரும்பு வெட்டு வந்துடும்."

அடுத்த முறை போட்டபோது முதல் அடியிலேயே துண்டு எழுந்தது. நட்டுக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் என் வாசிப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கூம்புக்கு நேர் அடியில் நிற்பவனுக்கு இரைச்சல்தான் கேட்கும். பிறகு ஹெட்போனில் போட்டுத் தேடினேன். ஸ்டூடியோவில் சேர்த்த கீபோர்டு ஜிகினாவும் மெஷின் தாளமும் காதை அடைத்தன. அவற்றுக்கு அடியில் என் வாசிப்பைத் துழாவினேன். கிடைக்கவில்லை. கீழேயே தேடிப் பழகியவன் நான்.

ஆல்பம் வந்ததும் வசவு தொடங்கியது. அடிநாதம் இல்லை, தகர டப்பா சத்தம், சினிமாவுக்கு அடி போடுகிறான், விலைபோய்விட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டவுனில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். ஒரு இளைஞர் எழுந்து, "இது சமரசம் இல்லையா சார்?" என்றார்.

"எதுல போட்டுக் கேட்டீங்க?" என்றான் லூர்து.

"நல்ல ஹெட்போன்லதான்."

"அப்ப நீங்க இன்னும் கேக்கல. ஒருநாளு எங்க வயலுக்கு வாங்க. டீ வாங்கித் தரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டார்கள். அவன் நிஜமாகத்தான் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. பேண்டு அதற்குப் பிறகு சண்டை போட்டு உடையவில்லை. அடுத்த ஒத்திகை எப்போது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பஸ் பாட்டு மட்டும் மினி பஸ்ஸிலும் டிராக்டரிலும் காதுகுத்து வீடுகளிலும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் என் நிலத்தைப் பார்த்தேன், அவன் அவன் நிலத்தைப் பார்த்தான். பொங்கலுக்குக் கரும்புக் கட்டு மட்டும் தவறாமல் அனுப்புவான்.

அடக்கத்தன்று மைக் செட்காரர் பெட்டி ஸ்பீக்கர்களை இறக்கினார். செல்வமேரி வெளியே வந்தாள்.

"பெட்டி வேணாம்பா. மோட்டார் கொட்டாயில அவுரு கூம்பு இருக்குது. அதக் கட்டு."

"இப்பல்லாம் கூம்பு கட்ட வுட மாட்டாங்கக்கா."

"சாவு வூடு. எவன் வந்து கேக்கறான்னு பாப்பம்."

கூம்பு தென்னை மரத்தில் ஏறியது. மாதா பாட்டுகளாகப் போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் எப்படி, எப்போது என்று ஒரே பதிலைச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. யாரிடமும் சொல்லாமல் வரப்பில் இறங்கி நடந்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. கால் போய் நின்ற இடம் வாய்க்காலை ஒட்டிய அந்தக் கடைசி வரப்பு. நான் அதுவரை அங்கே நின்றதே இல்லை. என் வேலை கொட்டகையில் அல்லவா.

பின்னால் பஸ் பாட்டு ஆரம்பித்தது. அடக்கப் பூசைக்குச் சாமியார் வருவதற்கு முன் ஒருமுறை போடச் சொல்லி செல்வமேரி கேட்டிருக்கிறாள். ஜிகினாவெல்லாம் அத்தனை தூரம் வரவில்லை. மெஷின் தாளமும் வரவில்லை. வழியிலேயே உதிர்ந்துவிட்டன. வந்து சேர்ந்தவை இரண்டுதான். ஒன்று லூர்துவின் குரல், ஒவ்வொரு சொல்லும் சோற்றுப் பருக்கை போலத் தனித்தனியாக. இன்னொன்று அந்தக் குரலுக்குப் பின்னாலேயே நடந்து வந்த ஒரு கிட்டார். அது என் வாசிப்பு. மதகடிப்பட்டுக் கொட்டகையில் என் விரல் கண்டுபிடித்த அதே சுரங்கள், நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி. ஒன்றையும் அவன் விடவில்லை. அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். அவனை உடனே பார்க்க வேண்டும்போல இருந்தது. வீட்டு வாசலில்தான் கிடந்தான், பார்த்து என்ன செய்ய.

அன்றிரவே குணாவுக்குச் சொல்லியிருக்கலாம். அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. அவன் பாட்டுகளைப் பொறுக்கி, செல்வமேரி என்னைக் கேட்டு, முடிவு என் தலையில் விழுந்த பிறகுதான் சொன்னேன். "பஸ் பாட்டு உண்டு. கடைசியா."

"சரி. அந்த மேல் கிட்டார யாரு வாசிக்கறது? அவனில்லையே."

"நான். அவன் கிட்டார்ல."

"உனக்கு அது தெரியுமா?"

"என்னுதுடா அது."

குணா பட்டியலை எடுத்துக் கடைசியில் பஸ் பாட்டை எழுதினான். பாடுவதற்குக் கோயில் பாடகர் குழுவிலிருந்து பெண்கள் வந்தார்கள். யாருக்கும் பஸ் பாட்டின் வரிகளைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முப்பதாம் நாள் வெயில் தாழ்ந்த நேரம். மைதானம் முடிகிற இடத்தில் வயல் தொடங்குகிறது. முதல் ஆல்பப் பாட்டுகளுக்கு வெளியூர்ப் பையன்கள் தலையை ஆட்டினார்கள். ஊர்க்காரர்கள் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் பாட்டுக்கு நான் அவன் கிட்டாரை எடுத்து மாட்டியபோது, முன்வரிசையிலிருந்து செல்வமேரி எழுந்தாள். அவன் துண்டு அவள் தோளில் இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் கூட்டத்தைத் தாண்டி, வரப்பில் இறங்கி, நடந்துகொண்டே போனாள். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். மெல்லிய கம்பிகள் எனக்குப் பழக்கமில்லை. அவள் அந்த வயலின் கடைசி வரப்பில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதல் அடி போயிற்று. இரண்டாவது அடியும் போயிற்று. சரியாக வாசிக்கவில்லையோ என்று எனக்கு உள்ளே பதறியது. மூன்றாவது அடியின் நடுவில் அவள் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினாள். பாட்டு முடியும் வரை இறக்கவில்லை.

கிட்டாரை அன்றே செல்வமேரியிடம் கொடுத்துவிட்டேன். லூர்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நடை ஒன்றுதான். எதையும் நல்லது கெட்டது என்று சொல்லும் முன், கடைசி வரப்பு வரைக்கும் போய் நின்று ஒருமுறை கேட்டுவிடுகிறேன். களைத்த காலுக்கு அது கொஞ்சம் தூரம்தான். ஆனால் அவன் பாட்டு வைத்திருந்ததே அங்கே நிற்பவர்களுக்குத்தான்.