இரண்டு பேர் வரைந்த டர்பைன்

கஞ்சியை ஸ்பூனால் கிளறி ஆறவைத்துக்கொண்டே ரெஜிலா அக்கா கணவரிடம் டர்பைனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். “கேட்டியளா, பிளேடுக்க நுனியில ஈரம் கூடுதலாட்டு வருது. கடைசி வரிசையக் கொஞ்சம் சரிச்சு வச்சா என்ன?” சஜன் அண்ணன் ஒரு வாய் விழுங்கிவிட்டு, “உண்டு” என்பார். “சரிக்கணும், இல்லியா?” “உண்டு.” “அப்ப வேண்டாமா?” இம்முறை அதே சொல் இழுத்து, சற்றுக் கோபத்தோடு வரும். அக்கா கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவி, மேசையில் கிடக்கும் தாளில் எதையோ குறித்துக்கொள்வார். பிறகு அடுத்த ஸ்பூன்.

பக்கவாதத்துக்குப் பிறகு சஜன் அண்ணனிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசிக்கும், வலிக்கும், மழை வரப்போகிறது என்பதற்கும் அதுவே. கேட்பதெல்லாம் அவருக்குப் புரிகிறது, பதில்தான் நாக்கில் ஏறுவதில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலது கை தொங்கிவிட்டது. இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்து வரவில்லை.

கேரள எல்லையோரம் இருக்கும் குளத்தூரில் அவர்கள் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். பாறசாலையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. டர்பைன் என்ற சொல்லை இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் நான் பள்ளிக்கூடப் பாடத்தில்தான் பார்த்திருந்தேன்.

அக்காவுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஓடுகிற எதன் மேலும் உள்ளங்கையைப் பதித்துப் பார்ப்பது அவர் பழக்கம். மிக்ஸி, கிணற்று மோட்டார், பனச்சமூடு நிறுத்தத்தில் புறப்படாமல் உறுமிக்கொண்டு நிற்கும் பஸ்ஸின் பக்கத் தகடு, எதையும் விடமாட்டார். கண்டக்டர்கள் முதலில் முறைத்தார்களாம், இப்போது கண்டுகொள்வதில்லை. மூடி இறுக உட்காராத பாத்திரம் வீட்டில் இருக்கக் கூடாது. கணக்குப் போடும்போது எண்களை மலையாளத்தில் முணுமுணுப்பார், அலுவலகத்தோடு ஆங்கிலம், கோபம் வந்தால் தமிழ். சர்ச் பாட்டுக்குழுவில் முன்பு முதல் வரிசையில் நின்றவர். இப்போது ஆராதனை பாதியில் இருக்கும்போதே வாசல் பக்கமாக நழுவி வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

ஒரு ஞாயிறு, தோசை ஊற்றிக்கொண்டே அவர் எனக்கு அந்த இயந்திரத்தை விளக்கினார். “ஆவி சக்கரத்தச் சுத்திட்டு வெளிய வருது. அதத் திரும்ப வெள்ளமாக்கிப் பாய்லருக்குக் கொடுக்கணும். அதுக்கு உள்ளதாக்கும் கண்டென்சர். மத்த இடத்துல எல்லாம் அது கீழ ஒரு தனி ரூம் மாதிரி நிக்கும். நாங்க ரெண்டையும் ஒரே கூட்டுக்குள்ள வச்சோம். லாரியில கொண்டு போய் எறக்கினா போரும். உமிய எரிச்சு ஒரு சின்ன ரைஸ் மில்லு தனக்கு வேண்டிய கரண்ட தானே எடுத்துக்கிடலாம். மனசிலாச்சா?”

பெங்களூரில் ஒரு டர்பைன் கம்பெனியில்தான் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். அக்கா பிளேடு, அண்ணன் கண்டென்சர். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னதும் சஜன் அண்ணனின் அப்பா கட்டிய இந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். டர்பைன் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் உருவானது. மேசையின் ஒரு பாதி அவருக்கு, மறு பாதி இவருக்கு. சண்டையெல்லாம் இடத்துக்காகத்தான். கண்டென்சருக்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. உள்ளே குளிர்ந்த தண்ணீர், வெளியே ஆவி. குழாய்கள் தொய்ந்து ஆடாமலிருக்க அங்கங்கே தாங்கு தகடுகள் குறுக்கே நிற்கும். அதில் ஒரு தகடு, ஆவி இறங்கும் வாய்க்கு நேர் எதிரே நின்றது. “எனக்க ஆவி எறங்குற வழிய அடைச்சு வச்சிருக்கிய” என்று அக்கா நாள்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார். ஒரு நாள் சஜன் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து, “எடுத்துட்டேன் பிள்ளே. கணக்கும் பாத்தாச்சி, தாங்கும். இனி என்னக் கொஞ்சம் படுக்க விடு” என்றாராம்.

அதற்கு அடுத்த மாதம் பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போன இடத்தில் அவருக்கு நாக்கு குழறியது. கடைக்காரரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை, தள்ளாடிச் சாய்ந்தார். எல்லைச் சந்திப்பில் மாலை நேரத்தில் ஒரு மனிதர் தள்ளாடினால் என்ன நினைப்பார்களோ அதைத்தான் நினைத்தார்கள். தெளிந்ததும் எழுந்து போவான் என்று ஒரு பூட்டிய கடை வாசலில் கிடத்தினார்கள். சர்ச்சில் பார்த்த முகம் என்று யாரோ அடையாளம் கண்டு ஃபோன் செய்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. “ஒரு துள்ளி தொட்டதில்ல தம்பி. அந்த ஆளக் குடிகாரன்னு சொல்லிக் கெடத்திப் போட்டாவ” என்பார் அக்கா, குரல் உயராமல். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது பிழைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவர் வாயால் நான் கேட்டதில்லை. பகலில் சஜன் அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒற்றசேகரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் விமலகுமாரி சொல்லித்தான் தெரியும்.

கம்பெனி சஜன் அண்ணனின் பங்கையும் அக்காவிடமே கொடுத்தது. தன்னுடைய பிளேடு கணக்கை அவர் அடியிலிருந்து மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். கண்டென்சர் கணக்கைத் திருப்பிப் போடவில்லை. “தொறந்தேன் தம்பி. முதல் பக்கத்துல அவியளுக்க பேரு கெடந்திச்சி. செத்த ஆளுக்க பெட்டியத் தொறக்க மாதிரி இருந்திச்சி. இந்தா, பக்கத்து ரூமுல மூச்சு விட்டுட்டு கெடக்காவ. நான் அவியளுக்க கணக்கத் திருத்தவா? மூடிட்டேன்.”

இயந்திரம் தயாராகி, வடக்கே ஓர் அரிசி ஆலையில் சோதனைக்கு ஓடத் தொடங்கியது. ஆலைக்காரர் அனுப்பிய வீடியோவை அக்கா கணவரின் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. சாம்பல் நிறத்தில், ஒரு சின்ன வேன் அளவுக்கு, சத்தம் அதிகமில்லாமல் அது ஓடியது. சஜன் அண்ணன் அன்று அந்த ஒற்றைச் சொல்லைப் பாட்டு மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா பாயசம் வைத்து மாடிக்கும் கொடுத்தனுப்பினார்.

சில மாதங்கள் கழித்துப் பாய்லர் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று ஆலையிலிருந்து புகார் வந்தது. கூட்டைத் திறக்கும்போது அக்கா கூட இருக்க வேண்டும் என்றார்கள். போய்விட்டு வந்தவர் நேராக மாடிக்கு வந்து, கைப்பையிலிருந்து விரல் நீளக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. அந்த இடத்தில் கத்தியால் கீறியது போல ஒரு வெடிப்பு.

“தகடு எடுத்த இடத்துல குழாய் தாங்கல் இல்லாம ரெம்ப நீளமாப் போச்சி. ஆவி அடிச்ச அடியில கெடந்து அதிர்ந்து, ஒண்ணோட ஒண்ணு ஒரசித் தேஞ்சிருக்கு. குளிர்ந்த வெள்ளம் வெளிய வந்து பாய்லர் வெள்ளத்துல கலந்துட்டு.” ரயிலில் வரும்போதுதான் அவர் அந்தக் கணக்கை முழுதாகப் படித்திருக்கிறார். “பழைய வேகத்தப் போட்டுப் பாத்திருக்காவ. ஆவி வாற வேகத்த நான் அதுக்கு முன்னமே கூட்டிட்டேன், அது அவியளுக்கும் தெரியும். மறந்திருக்காவ. தலவேதனை, தலவேதனைன்னு சொல்லிட்டு நடந்த மாசமாக்கும் அது. எனக்கு அப்ப தகடு மட்டும்தான் கண்ணுல நின்னுது.” துண்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “கீழ யாரும் பாக்கண்டாம்.”

கம்பெனியின் விசாரணைக் கூட்டம் ஒரு மழை நாளில் லேப்டாப் வழியாக நடந்தது. அவர்கள் வீட்டு இணையம் மழைக்கு விழுந்துவிட்டதால் என் ஃபோனின் இணைப்பைக் கேட்டார். ஃபோனோடு நான் அந்த அறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். விமலகுமாரி சஜன் அண்ணனைப் பின்கட்டு நாற்காலியில் உட்கார்த்திவைத்திருந்தார். இடையில் ஒரு ஜன்னல். மழைச் சத்தத்தில் இங்கே பேசுவது அங்கே கேட்காது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அனூஜ் என்ற மேலாளர், அக்காவைவிட வயதில் சிறியவர், மரியாதையாகவே மலையாளத்தில் கேட்டார். அந்தத் தகட்டை எடுத்தது யார் முடிவு?

பதற்றத்தில் அக்காவுக்குத் தமிழ்தான் வந்தது. “நான்.”

கண்டென்சர் சஜன் சாருடையதாயிற்றே என்றார் அனூஜ்.

“சாரு வரைஞ்சதுல தகடு உண்டு. அவிய கெடப்பிலான பெறகு எடுத்தது நானாக்கும். எனக்கு வழி வேணும்னு எடுத்தேன்.”

சரிபார்க்காமலா?

“சரிபாக்கல்ல.”

சொன்னதில் அந்தக் கடைசிப் பதில்தான் உண்மை. பிறகு அனூஜ் ஆங்கிலத்துக்கு மாறினார். இயந்திரத்தை வேறு குழு திருத்தும், அக்கா இனி பழைய மிஷின்களுக்கான உதிரிப்பாகங்களை வரைய வேண்டும் என்று சுருக்கமாகச் சொன்னார். அக்கா தலையாட்டினார். “ஒரு காரியம் மட்டும். திருத்தின டிராயிங்குலயும் சாருக்க பேரு இருக்கணும். எனக்க பேரு வேண்டாம்.”

லேப்டாப்பை மூடியதும் நான் கேட்டுவிட்டேன். “ஏன் அக்கா இப்படிச் சொன்னீங்க?”

“எனக்க பேரு போனா நான் திரும்பச் சம்பாதிச்சுக்கிடுவேன். அவியளுக்கு இனி ஒரு டிராயிங் உண்டுமா, சொல்லு.” எழுந்துபோய் அடுப்பில் கஞ்சிக்குத் தண்ணீர் வைத்தார். “போராததுக்கு, சண்ட போட்டு அந்தத் தகட எடுக்க வச்சதும் நான்தானே.”

மறுநாளிலிருந்து சஜன் அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார். “சாரு ஒண்ணும் மிண்டல்ல அம்மா. கஞ்சியும் வேண்டாம்னு தலையத் திருப்புகாரு” என்றார் விமலகுமாரி. அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை. பிரஷர் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. டாக்டர் சில சமயம் இப்படிச் சோர்வு வரும் என்றார். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா வழக்கம்போல பிளேடு பற்றிக் கேட்டுப் பார்ப்பார். பதில் வராது. அந்த டர்பைன் தன் கையில் இல்லை என்பதை அவர் கணவரிடம் சொல்லியிருக்கவில்லை. மேசையில் பழைய தாள்களை அப்படியே விரித்துவைத்துக்கொண்டு, அதன் மேல் உதிரிப்பாகங்களை வரைந்துகொண்டிருந்தார்.

திருத்திய வரைபடத்தைக் கம்பெனி ஒரு மரியாதைக்காக அவருக்கும் அனுப்பியது. திரையில் பார்க்க அவருக்கு மனமில்லை. “பாறசாலையில பெரிய தாளுல எடுத்துத் தருவாவ, வரும்போ கொண்டு வாறியா?” என்று என்னிடம் கேட்டார். அன்று மாலை நான் தாளைச் சுருட்டி, நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அக்கா அதை வாங்கி அலமாரியின் மேல் வைக்கப் போனபோது சஜன் அண்ணன் இடது கையை நீட்டினார். அக்கா நின்றார். “இது வேற தாளாக்கும். ஸ்பேர் பார்ட்டு.” கை தாழவில்லை.

வேறு வழியின்றி மேசையில் விரித்தார். தாள் சுருண்டுகொள்ளாமல் நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சஜன் அண்ணன் குனிந்து, ஆள்காட்டி விரலால் கண்டென்சரின் குழாய்களைத் தொட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு தகட்டிலும் விரல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. ஆவி இறங்கும் வாய்க்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டது. ஒரு தகடு இருந்து, எடுக்கப்பட்ட இடம். இப்போது அங்கே அடுத்தடுத்து இரண்டு நின்றன.

“சும்மா ஒரு பாதுகாப்புக்கு வச்சிருக்காவ” என்றார் அக்கா. யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.

விரல் மெதுவாகத் தாளின் வலது கீழ் மூலைக்கு வந்தது. அங்கே பெயர்கள் இருக்கும் கட்டம். மேலே சஜன் என்று இருந்தது. அதற்குக் கீழே, எப்போதும் ரெஜிலா என்று இருந்த இடத்தில் எங்களுக்குத் தெரியாத ஒரு பெயர். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சஜன் அண்ணன் மேசையில் சாய்ந்து, செயலற்ற வலது முழங்கையைத் தாளின் மேல் ஏற்றி அழுத்திக்கொண்டார். இடது கையால் அந்த மூலையைப் பிடித்தார். தாள் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை, தன் பெயர் உள்ளே போகும்படி மூலையை மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தித் தேய்த்தார்.