அக்கி கண்ட ஆறாம் நாள்

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த கருணாகரனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள் அவன் மனைவி மருதாம்பாள். அந்தப் புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவன் ஒன்பது வருடம் தினமும் மாத்திரை விழுங்கினான். அவை எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைகள். அதனால் தும்முகிறவர்களை அவள் வாசலோடு அனுப்பிவிடுவாள்.

ஆனால் சின்ன வயதில் அவனுக்கு வந்துபோன சின்னம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது. போன வருடம் ஆடியில் வலது விலா எரிந்து, மறுநாள் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. அக்கி என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள்.

"போனாப் படுக்க வெச்சிருவாங்க மருதா. அக்கி எழுதினாச் சரியாப் போயிரும்" என்று அவன் கெஞ்சினான். அவள் மனமிளகிவிட்டாள். அக்கி எழுதுகிறவர் வந்து காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் முதுகுக்கும் முகத்துக்கும் பரவியது. அடுத்து வறட்டு இருமல். ஆறாம் நாள் காலை குளியலறைவரை நடந்தவன் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

ஆம்புலன்ஸில் மலையிறங்கிக் கோயம்புத்தூர் சேர்ந்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டிலும் வெள்ளைப் புள்ளிகள். கிருமி அங்கே இறங்கி நிமோனியாவாகிவிட்டது என்றார் டாக்டர் ஜூடித். அதைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள், பழைய மாத்திரைகளைக் குறைத்தார்கள். ஆக்சிஜன் போதவில்லை. வென்டிலேட்டர் வைக்குமுன் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"உன் கிட்னி இன்னும் நல்லா வேலை செய்யுதாம், மருதா."

வென்டிலேட்டர் வைத்த ஐந்தாம் நாள் போய்ச்சேர்ந்தான்.

"கொப்புளம் கண்டன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாருங்களா?" என்று மருதாம்பாள் கேட்டாள்.

"மூணு நாளைக்குள்ள மருந்து ஆரம்பிச்சிருந்தா வாய்ப்பு அதிகம்மா. உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அவனைப் போன்றவர்களுக்கும் ஐம்பது தாண்டியவர்களுக்கும் அக்கிக்கென்றே தடுப்பூசி இருப்பதையும் சொன்னார். அப்படியொன்று இருப்பது அதுவரை அவள் காதில் விழுந்ததேயில்லை.

பிறகு குன்னூரில் அவளே அந்த ஊசியை இரண்டு தவணையாகப் போட்டுக்கொண்டாள். சர்க்கரை வியாதிக்காரியான பக்கத்து வீட்டு லீலாவதியையும் அழைத்துப்போனாள். இப்போது யார் உடம்பில் கொப்புளம் என்று கேள்விப்பட்டாலும் போய்விடுகிறாள். "இன்னைக்கே டாக்டரைப் பாருங்க, நாளைக்குன்னு வெக்காதீங்க" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை.